10,48,576-க்குப் பிறகு

மெயின்பிரேம் கோப்பைப் பல ஷீட் கொண்ட எக்ஸெல் கோப்பாக்கப் பைத்தானில் கருவிகள் பல உண்டு. என் ஓட்டு எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டருக்குத்தான். காரணம், வகையைச் சொல்லி எழுதினால் அது எதையும் ஊகிப்பதில்லை. சிஎஸ்வி-யாக அனுப்பினால் 000417 என்ற கிளைக் குறியீட்டை எக்ஸெல் 417 ஆக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கும். எது எண், எது எழுத்து என்பதை, ரெக்கார்டின் அமைப்பை விவரிக்கும் கோபோல் காப்பிபுக் எப்போதோ தீர்மானித்துவிட்டது. ரைட்_ஸ்ட்ரிங், ரைட்_நம்பர் என்ற இரண்டு அழைப்புகளில் அந்தத் தீர்மானம் செல் வரை சேதமில்லாமல் போய்ச் சேருகிறது. மெயின்பிரேமின் எப்சிடிக் எழுத்துகளையும் காம்ப்-3 எண்களையும் பிரிப்பது நம் வேலை. அதைப் பற்றிப் புகார் இல்லை. நினைவகத்தை மிச்சப்படுத்தும் கான்ஸ்டன்ட்_மெமரி முறையில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித் தற்காலிகக் கோப்பு இருப்பதால், வாடிக்கையாளர், பரிவர்த்தனை, கட்டணம் என்று கலந்து வரும் ரெக்கார்டுகளை ஒரே ஓட்டத்தில் அதனதன் ஷீட்டுக்கு அனுப்பலாம். ஷீட்டுக்குள் மேலிருந்து கீழாகத்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனை, வரிசையாகவே படிக்கப்படும் கோப்புக்குச் சுமையே அல்ல.

இவ்வளவு கறாரான கருவி, கறாராக இருந்தே ஆகவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. எக்ஸெல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிசைகள்தான் அடங்கும். அதற்கடுத்த வரிசையை எழுதச் சொன்னால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் எழுதுவதில்லை. -1 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். நிரல் தொடர்ந்து ஓடி, கோப்பு பிழையின்றி மூடப்பட்டு, பேட்ச் வேலை வெற்றி என்று முடியும். ஷீட் பெயரில் 32 எழுத்து இருந்தால் இதே கருவி எக்ஸெப்ஷன் எழுப்பி வேலையை நிறுத்துகிறது. பெயர் நீண்டால் நிறுத்தும் ஒன்று, பரிவர்த்தனைகள் காணாமல் போகும்போது நிறுத்தாமலிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கருவியின் ஆவணத்தில் எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருக்கிறது. ஆனால் செல்லுக்குச் செல் திரும்பிவரும் மதிப்பைச் சோதிக்கும் நிரல் அபூர்வம். அந்த ஆவணத்தின் மாதிரி நிரல்களே அதைச் சோதிப்பதில்லை. பத்து லட்சம் வரிசையை எக்ஸெலில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. முதல் நாளே யாரும் அவ்வளவு அனுப்புவதில்லை. மாதாமாதம் வளரும் கோப்பு ஒரு மாத முடிவில் எல்லையைக் கடக்கும், அன்று நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது இதுவே. ஆய்வகங்களின் சிஎஸ்வி கோப்புகளைப் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து 65,536 வரிசையே கொள்ளும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. தொற்றியவர்களோடு தொடர்பிலிருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது. கருவி வேறு, எல்லை வேறு, நோய் ஒன்றுதான். இப்போது எக்ஸெப்ஷன் எழுப்பத் தொடங்கினால் பழைய நிரல்கள் உடையும் என்பது மட்டுமே நியாயமான மறுப்பு. அதற்கும் வழியிருக்கிறது. எழுத்தை எண்ணாக்குவது போன்றவற்றுக்கு வொர்க்புக்கைத் திறக்கும்போதே விருப்பத் தேர்வுகள் தரும் கருவி, எல்லை மீறினால் நிறுத்து என்பதற்கும் ஒன்று தரலாம்.

அதுவரை காவல் நம்முடையது. மெயின்பிரேம் கோப்புகளில் பலவும் கடைசியில் ஒரு டிரெய்லர் ரெக்கார்டைச் சுமந்து வரும். மொத்த ரெக்கார்டு எண்ணிக்கையும் பெரும்பாலும் தொகையின் கூட்டலும் அதில் இருக்கும். எக்ஸெல் ஆக்கும் அவசரத்தில் பலர் முதலில் தூக்கியெறிவது அதைத்தான். பூஜ்யம் திரும்பிய வரிசைகளை மட்டும் எண்ணி, டிரெய்லரோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கோப்பை வெளியே விடாதீர்கள். எல்லையை நெருங்கினால் ‘பரிவர்த்தனை 2’ என்று அடுத்த ஷீட்டைத் திறந்துகொள்ளலாம். எழுதியது, டிரெய்லர் சொன்னது என இரண்டு எண்ணிக்கையையும் முகப்பு ஷீட்டில் போடுங்கள். அதை முதலில் உருவாக்கி, கடைசியில் நிரப்பத் தடையில்லை. ஆனால் ஃபார்முலாவாக வேண்டாம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் ஃபார்முலாவைக் கணக்கிடாமல், விடை என்று 0-ஐ வைத்துவிடுகிறது. எக்ஸெல் திறக்கும்போது கணக்கிட்டுக்கொள்ளும். தானாகக் கணக்கிடாத முன்னோட்டச் செயலியில் பார்க்கும் மேலாளருக்கு 0-தான் தெரியும். எண்ணாகவே எழுதுங்கள்.