சமதரையில் எடுத்த அளவும் நாற்பது வளைவுகளும்

ஆழியாறைக் கடந்ததும் வால்பாறைச் சாலை மலையேறத் தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் இருப்பதோ ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில். சைக்கிளில் ஏறும்போது முட்டி வலித்தால் உடம்பில் தெம்பு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். சீட்டு இரண்டு செ.மீ. தாழ்ந்திருந்தாலும் அதே வலி வரும். ஆளின் உயரத்தை மட்டும் பார்த்து ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்று மலைச் சைக்கிளை விற்பதால் வரும் வினை இது. அதனால்தான் உடலை அளந்து சைக்கிளைப் பொருத்தும் ஃபிட்டிங் முறையை மனதார வரவேற்கிறேன். அதன் குறைகளையும் அதே அக்கறையோடு பேசியாக வேண்டும்.

ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். ஃபிட்டிங் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கிறது. அதுவே அதன் பெரிய பலம். டூர் டி பிரான்ஸை 3 முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கின்படி, கவட்டிலிருந்து தரைவரையுள்ள கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் கிராங்கின் அச்சிலிருந்து சீட்டின் உயரம் கிடைக்கும். 78 செ.மீ. காலுக்கு 68.9 செ.மீ.

ஆனால் ஹேம்லியும் தாமஸும் 1967இல் முன்வைத்த கணக்கு, தாழ்ந்த நிலையிலுள்ள பெடலிலிருந்து கால் நீளத்தின் 109 சதவீதத்தைச் சொல்கிறது. அதே காலுக்கு 85 செ.மீ.; 175 மி.மீ. கிராங்கைக் கழித்தால் 67.5 தான். ஒரே காலுக்கு 1.4 செ.மீ. வித்தியாசம்! முதல் கணக்கு கிராங்கின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. பெடல் கீழே இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்குகிறதா என்று பார்க்கும் முறையை நான் கூடுதலாக நம்புகிறேன். அது சூத்திரத்தை விட்டு ஆளைப் பார்க்கிறது.

அடுத்த குறை, அளவு எடுக்கும் இடம். கடையில் சைக்கிள் சமதரையில் நிற்கிறது. இதே மலைச்சாலையில் அட்டகட்டி நோக்கி ஏறும்போது அதுவே பின்பக்கம் சாய்கிறது. சீட்டின் நுனி தூக்கிக்கொள்கிறது. இடுப்பு பின்னுக்கு வழுக்குகிறது. முன்சக்கரம் பாரம் இழந்து தடுமாறுகிறது. சீட்டின் நுனியை ஓரிரு டிகிரி தாழ்த்தினாலே பலருக்கு நிம்மதி கிடைக்கும்.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்குபவருக்கு முட்டியைவிடக் கைதான் முதலில் சோரும். பெடலில் எழுந்து நின்று, முழங்கையை மடக்கியபடி ஒரு விரலால் லிவரை எட்ட வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. உட்கார்ந்த நிலையில் மட்டும் எடுக்கும் அளவில் இது தப்பிவிடுகிறது. முன்ஃபோர்க்கும் அப்படித்தான். 120 மி.மீ. ஃபோர்க், ஆள் ஏறி நின்றதும் பொதுவாக 24 முதல் 36 மி.மீ. அமுங்க வேண்டும். முதுகுப் பையும் தண்ணீரும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

அதற்காகக் காட்டுத்தடப் பந்தயத்துக்குரிய தாழ்ந்த சீட்டை அப்படியே பின்பற்றுவதும் தவறு. இங்கே காடு ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதற்குள் விருப்பம்போல் சைக்கிள் ஓட்ட முடியாது. பெரும்பாலும் தார்ச்சாலையும் எஸ்டேட் சாலையும்தான். மணிக்கணக்கில் உட்கார்ந்து மிதிக்கும் இந்த ஏற்றத்துக்குச் சரியான சீட்டு உயரம் கட்டாயம் தேவை. இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்த, லிவரை அழுத்தி உட்கார்ந்தால் இறங்கும் டிராப்பர் போஸ்ட் உதவும்.

ஆகவே கடையில் எடுக்கும் அளவை முதல் வரைவாகக் கொள்வோம். வாங்குபவர் அந்தச் சீட்டு உயரத்தில் டேப் ஒட்டி, பையில் ஆலன் கீ வைத்து, 9வது வளைவிலுள்ள லோம்ஸ் வியூ காட்சிமுனை வரை ஏறிப் பார்க்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் சில மி.மீ. மட்டும். உடல் சொன்னதைக் குறித்துவந்து ஃபிட்டரிடம் காட்டட்டும். அந்த இரண்டாம் சந்திப்பையும் சேர்த்தே ஃபிட்டிங்குக்குக் கட்டணம் வாங்க வேண்டும். மலைக்கு விற்கும் சைக்கிளை மலையில் சரிபார்த்துத் தருவது விற்பவரின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.