கவுண்டர் சந்தில் கை நுழைத்தவர்கள்

பழைய சினிமா தியேட்டர்களின் நினைவுகளைச் சேர்த்து வைக்கும் வேலையைப் போல் சந்தோஷமான வேலை வேறு இல்லை என்று கோயில் வாசலில் நின்றுகூடச் சத்தியம் செய்வேன். சம்பளம் கிடையாது. பதவி கிடையாது. ஊர் ஊராகப் பத்துப் பேர், இருபது பேர் என்று சேர்ந்து ஒரு கூட்டமாகிவிட்டோம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் இருக்கிறார், கட்டிடக்கலை படிக்கிற மாணவி இருக்கிறாள், ஒரு காலத்தில் இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டித் திரிந்தவர் இருக்கிறார், வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி ஒரு மணிக்குத் தன் ஊர்க் கொட்டகையின் படத்தை நினைவிலிருந்து வரைந்து அனுப்புகிறவரும் இருக்கிறார். இவர்களை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. ஒருங்கிணைப்பது என்ன பெரிய வார்த்தை! ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு விலகி நிற்பேன், அவ்வளவுதான். அப்புறம் நடப்பதுதான் திருவிழா.

மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றி ஒரு முறை கேட்டேன். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர் அது. 2563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன இடம். முழுக்கக் கட்டி முடிக்கும் முன்பே படத்தைப் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும் தகவல். நான் கேட்டது வேறு: "கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு வசனம் எப்படிக் கேட்டது?" ஒரே நாளில் பதில்கள் குவிந்தன. தூண் மறைக்காத இடம் எது, மின்விசிறிக் காற்று எந்த வரிசைக்கு வரும், படம் விட்டதும் கூட்டம் வீதியில் எப்படிப் பெருகி வழியும், சோடாக்காரர் இடைவேளை மணிக்கு எவ்வளவு நேரம் முன்பே உள்ளே வந்து நிற்பார் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர், "தம்பி, கைதட்டுனா அது அந்தக் கோடிக்குப் போயிட்டு நம்மகிட்ட திரும்ப வரும்" என்று சொன்னார். எந்த வரைபடத்திலிருந்து இதை எடுக்க முடியும்? இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. ஆனால் அந்தக் கைதட்டல் இப்போது எங்கள் பதிவில் இருக்கிறது, இனி அது போகாது.

மதுரை இந்த விஷயத்தில் ஒரு புதையல். 1937-இல் வந்த 'சிந்தாமணி' கொட்டிக்கொடுத்த லாபத்தில் அதே பெயரில் ஒரு தியேட்டரையே கட்டினார்கள்! ஒரு படம் ஓடி, அந்தப் பணத்தில் ஒரு கட்டிடம் எழுந்து, அந்தக் கட்டிடத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் ஓடின என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆனந்தம் தாங்காது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. பகலில் வாசகசாலை, மாலையானால் ரீகல் டாக்கீஸ், அதுவும் இங்கிலீஷ் படங்கள். பகலில் பத்திரிகை படித்த அதே கூரையின் கீழே ராத்திரி குதிரைகளும் துப்பாக்கிகளும். அங்கே படித்துவிட்டு அங்கேயே படமும் பார்த்தவர்களைக் கண்டுபிடித்தபோது எங்கள் கூட்டத்தில் நடந்த கொண்டாட்டத்தைச் சொல்லி மாளாது.

படங்களின் விவரங்களைச் சேர்க்கப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தன் வாழ்நாளையே செலவழித்துத் தமிழ்ப் படங்களின் விவரங்களை ஒன்றுவிடாமல் சேர்த்தார். அவர் செய்த வேலைக்குத் தமிழர்கள் எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது என்று எல்லோருக்கும் தெரியும். அது ஓடிய சென்னை பிராட்வே தியேட்டரில் வாசல் எந்தத் திசையில் இருந்தது, அந்த மூன்று தீபாவளிகளிலும் டிக்கெட் கிழித்தவர் யார்? இதைக் கேட்க ஆள் வேண்டாமா? அந்த ஆட்கள் நாங்கள்தான்.

எப்படிச் சேர்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலேயே பாதி சுகம் இருக்கிறது. பழைய நாளிதழ்களின் சினிமா விளம்பரங்கள்தான் எங்கள் முதல் ஆதாரம். 'இன்று முதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் ஊர் வாரியாகத் தியேட்டர் பெயர்களை அடுக்கியிருப்பார்கள். ஒரு தியேட்டரின் பெயர் முதன்முதலில் எந்தத் தேதியில் அந்த வரிசைக்குள் வருகிறது, எப்போது பெயர் மாறுகிறது, எப்போது காணாமல் போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் அதன் ஆயுள் தெரிந்துவிடும். அடுத்தது டிக்கெட்டின் கிழிந்த பாதி. அப்புறம் பாட்டுப் புத்தகம், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் தற்செயலாக விழுந்த தியேட்டர் முகப்பு, வாசலில் பதித்த திறப்பு விழாக் கல்வெட்டு. சின்ன ஊர் ஒன்றில் தியேட்டரை இடித்தபோது அந்தக் கல்வெட்டைத் தூக்கி வந்து தன் வீட்டுத் துணி துவைக்கும் கல்லாகப் போட்டுக்கொண்டவரை எங்கள் மாணவி கண்டுபிடித்தாள். எழுத்து கீழ்ப்பக்கம் பத்திரமாக இருந்தது. அவளுக்கு ஒரு மாலையே போட்டிருக்க வேண்டும்.

சண்டை வராமல் இருக்குமா? எம்.ஜி.ஆர். ரசிகரும் சிவாஜி ரசிகரும் ஒரே தியேட்டரைப் பற்றிப் பேசினால் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பதில் பொறி பறக்கும். அதற்கு நான் கண்ட ஒரே வழி, பேச்சைப் படத்திலிருந்து கட்டிடத்துக்குத் திருப்பிவிடுவது. "ஐயா, நீங்க அன்னிக்கு எங்க உட்கார்ந்திருந்தீங்க?" என்று கேட்பேன். உடனே இரண்டு பேரும் தரை டிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கவுண்டர் சந்து! இரண்டு பக்கமும் சுவர், ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலம், மேலே கம்பி வலை, கடைசியில் கை மட்டும் போகும் பொந்து. அதற்குள் ஐந்து பேர் கை ஒரே நேரத்தில் நுழைந்திருக்கும். சட்டை கிழிந்ததை, தலைக்கு மேல் ஆட்கள் நடந்து போனதை இருவரும் மாறி மாறிச் சொல்லி, கடைசியில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். பெண்களின் வரிசை வேறு. அங்கே டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும் என்று அண்ணன்மார் கெஞ்சி அனுப்பி வைத்த தங்கைகள் இன்று பாட்டிமார்களாக எங்களுக்கு எழுதுகிறார்கள். அவர்கள் நினைவு ஆண்களுடையதைவிடத் துல்லியமானது என்பது என் அனுபவம். எந்த வாசலில் பூ விற்றார்கள், குழந்தை அழுதால் எங்கே தூக்கிக்கொண்டு நிற்பது, படம் விட்டு வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போனால் வெளிச்சம் இருக்கும் என்று அவர்கள் சொல்லித்தான் எங்கள் பதிவுகளுக்கு உயிர் வந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஆபரேட்டர்களின் பேச்சு. ஒரு ஆபரேட்டரைப் பேசவிட்டுக் கேட்டுப் பாருங்கள், பொழுது போவது தெரியாது. இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எழும் வெள்ளை வெளிச்சம்தான் திரையில் நாம் பார்த்த அத்தனை முகங்களும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளடிக்கும், கீழேயிருந்து விசில் வரும். ஆயிரம் அடி ரீல் சுமார் பதினோரு நிமிடம் ஓடும். இரண்டு புரொஜெக்டர்கள். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பொட்டு மின்னி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும், இரண்டாவது பொட்டுக்கு வெளிச்சத்தை மாற்றிவிட வேண்டும். அரங்கத்தில் இருக்கும் ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஒவ்வொரு காட்சியிலும், பல தடவை, வருஷக்கணக்காக, ஒருவருக்கும் தெரியாமல் செய்தார்கள்! நாம் ஹீரோவுக்குக் கைதட்டினோம், அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு இவர்களுக்குச் சேர வேண்டியது.

ஆபரேட்டர் அறை ஏன் கனத்த சுவரோடு கோட்டை மாதிரி இருக்கும், படம் பாயும் ஓட்டைகளுக்கு ஏன் இரும்புக் கதவு, வெளியே ஏன் மணல் வாளி என்றும் அவர்களிடம்தான் கற்றேன். பழைய நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் அணையாது. ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டிய கதையோ அதைவிட விறுவிறுப்பு. இங்கே முடிந்த ரீலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் சைக்கிளில் அடுத்த தியேட்டருக்குப் பறப்பான். ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே இடைவேளை நீளும். அப்படிச் சைக்கிள் மிதித்தவர் எங்களில் ஒருவர். அவர் பேச ஆரம்பித்தால் நான் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிவிடுவேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்கு ஒரு தரம் போய் வாருங்கள். அஞ்சல்தலை விற்கும் அந்தப் பழைய கட்டிடம் 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர். இரண்டே வருஷத்தில் தபால் துறை வாங்கிக்கொண்டது, அதனாலேயே பிழைத்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் மவுன்ட் ரோட்டில் ஊமைப்படம் பார்க்கப் போனவர்கள் நின்ற இடத்தில் நீங்களும் நிற்கலாம். அதே பகுதியில் 1914-இல் கெயிட்டி தியேட்டரைக் கட்டிய ரகுபதி வெங்கையா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. கெயிட்டி போய்விட்டது. 1964-இல் மூன்று அரங்குகளோடு எழுந்த சஃபையரும் போய்விட்டது. ஆனால் அதிலிருந்த புளூ டைமண்டை மறந்த ஒருவரை இதுவரை நான் சந்திக்கவில்லை. தொடர் காட்சி! எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், பாதியில் போனவர் அடுத்த ஓட்டத்தில் முன்பாதியைப் பார்க்கலாம். வெயிலுக்குப் பயந்தவர்கள், வேலை தேடிக் களைத்தவர்கள், கல்லூரிக்குப் போகாதவர்கள் எல்லோருக்கும் அந்த ஏ.சி. இருட்டு அடைக்கலம் கொடுத்தது. தேவி பாரடைஸின் வளைந்து வளைந்து ஏறும் சாய்தளம் இன்றும் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போய் அதில் ஏறவிடுங்கள்.

கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட்டின் பெயரைச் சொல்லாமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. திருச்சியில் ரயில்வே வேலை. 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படத்தையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். மின்விளக்கே பார்க்காத மனிதர்களுக்கு அசையும் படத்தைக் காட்டிய துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். 1914-இல் அவர் கோவையில் எழுப்பிய வெரைட்டி ஹால் பிறகு டிலைட் தியேட்டர் ஆனது. தெருவின் பெயர் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு. இப்படித் தெருக்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தியேட்டர் பெயர்களைத் தனியாகவே தொகுத்து வருகிறோம்.

இப்போது கையில் எடுத்திருக்கும் வேலைதான் இதுவரை செய்ததிலேயே பெரியது, ருசியானது: டூரிங் டாக்கீஸ்கள். அவற்றின் லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து இன்னொரு இடத்தில் போட வேண்டியிருந்தது. அதனால் ஒரே பெயர் மூன்று ஊர்களில் வரும், ஒரே ஊரில் மூன்று பெயர்கள் வரும். முதல் ஆட்டம் இருட்டிய பிறகு, இரண்டாம் ஆட்டம் முடிய நடுநிசி தாண்டிவிடும். ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு எழுந்தால் வயலிலிருந்து ஜனம் வேகமாக நடக்கும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவர்கள், பின்னாலிருந்தவர் அதைத் தட்டிவிட்டதில் தொடங்கிய பகைகள், ஆண் பெண் நடுவே இடுப்பளவு மண்சுவர் என்று தினமும் வந்துகொண்டே இருக்கிறது. காவிரிக் கரைக் கிராமம் ஒன்றின் கொட்டகை குளத்துக்கு வடக்கா தெற்கா என்று இந்த மாதம் முழுக்க ஒரு வழக்கு. மூன்று குடும்பங்கள் வடக்கு, இரண்டு குடும்பங்கள் தெற்கு. நேற்று ஒரு அம்மா போன் செய்து, "ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்பா, லைசென்சு முடிஞ்சதும் வடக்க இருந்தத தெற்க மாத்துனாங்க, கீத்துக் கட்ட எங்கப்பாதான் போனாரு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவியையும் வங்கி ஊழியரையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறேன். அளவு நாடா எடுத்து வைத்தாயிற்று.