‘தண்ணீர் தண்ணீர்’: தாகமும் அதிகாரமும்

ஒரு படைப்பு சமுதாயத்தின் நோயை எடுத்துக்காட்டும்பொழுது, அந்நோயைப் பற்றிய அதன் கணிப்பு முழுமையானதா என்று வினவுவது திறனாய்வின் கடமையாகும். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ அவ்வாறு வினவத்தக்கதொரு நாடகம். 1981இல் கே. பாலசந்தர் இதனைத் திரைப்படமாக்கினார். அப்படம் சிறந்த தமிழ்ப்படத்துக்கும் திரைக்கதைக்குமான தேசிய விருதுகளைப் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அது எழுப்பிய வினா ஓயவில்லை.

கதை எளியது. அத்திப்பட்டி என்னும் வறண்ட சிற்றூரில் குடிநீர் இல்லை. முறையிட்டும் பயனில்லை. கொலைக் குற்றத்திற்காகக் காவல்துறையினரால் தேடப்படும் வெள்ளைச்சாமி அங்கு அடைக்கலம் புகுகிறான். தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து வண்டியில் நீர் கொண்டுவருகிறான். பின்னர் ஊரார் தாமே கால்வாய் வெட்ட முனைகின்றனர். அதுவரை அவ்வூரை எட்டிப் பாராத அரசாங்கம், வெட்டுவதைத் தடுப்பதற்காக அப்பொழுது வந்து சேருகிறது.

படைப்பின் வலிமை இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. தாகம் மனுவாக இருக்கும் வரையில் கோப்பில் உறங்குகிறது. செயலாக மாறிய அக்கணமே சட்டமீறலாகிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாயிருப்பவன் நீர் தருகிறான். சட்டத்தைக் காப்பவர்கள் நீரை மறிக்கின்றனர். செவந்தியின் கணவன் காவலனாயிருப்பதால், இம்முரண் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. அரசியல் என்பது தலைநகரில் நடப்பது என்று எண்ணுவோருக்கு, காலிக்குடமும் அரசியலே என்று இந்நாடகம் உணர்த்துகிறது.

எனினும் இரண்டு குறைகளைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. முதலாவதாக, ஊரின் நம்பிக்கையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த ஒருவன்மேல் சுமத்தப்படுகிறது. மீட்பர் ஒருவரை எதிர்நோக்கிக் காத்திருக்கும் இம்மனப்பான்மை நமது திரையரங்குகளிலும் தேர்தல் மேடைகளிலும் ஒருங்கே காணப்படுவதாகும். அம்மனிதன் இல்லாவிடில் மக்களின் முயற்சி என்னவாகும் என்ற கேள்வியை இன்னும் ஆழமாக எழுப்பியிருக்கலாம்.

இரண்டாவதாக, நாடகத்தின் மைய மோதல் ஊருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே அமைகிறது. ஆனால் நம் நாட்டில் நீரைத் தடுத்தது அரசாங்கம் மட்டுமன்று. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியபோது, அக்குளத்தில் நீர் நிறைந்தே இருந்தது. இல்லாதிருந்தது அதனைத் தொடும் உரிமையே. ஊர்க்கிணறு வேறு, சேரிக்கிணறு வேறு என்றிருந்த சமுதாயத்தில், ‘ஊரார்’ என்ற ஒரே சொல்லால் அனைவரையும் குறிப்பது எளிது. ஆனால் கால்வாய் வந்த பின்னர் யார் முதலில் குடத்தை நிரப்புவார், யார் ஒதுங்கி நிற்பார் என்று கேட்பது கடினம். அக்கடினமான கேள்வி இங்கு மையத்துக்கு வரவில்லை.

இன்று நிலைமை வேறு வடிவம் கொண்டுள்ளது. நீர் இப்பொழுது விலைப்பொருள். 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தூய குடிநீரை மனித உரிமையென அறிவித்தது. 2013இல் தமிழக அரசே புட்டிநீரை லிட்டர் 10 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. 2019ஆம் ஆண்டு வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. நகரத்து நடுத்தர வகுப்பினர் தத்தம் வாசலில் தண்ணீர் கேன் வாங்கி வைத்துக்கொள்கின்றனர். வாங்க இயலாதோர் லாரிக்காகக் காத்து நிற்கின்றனர். அத்திப்பட்டி மக்கள் ஒன்றாகத் தாகப்பட்டார்கள். நாம் தனித்தனியே தாகம் தீர்த்துக்கொள்கிறோம். விலை கொடுக்கக்கூடியவன் பொதுக்குழாயைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடுகிறான். அவன் குரல் விலகியபின் எஞ்சியோரின் குரல் அலுவலகங்களில் எடுபடுவதில்லை.

ஆகவே இந்நாடகத்தை ஊழல் அதிகாரிகளைக் கண்டிக்கும் படைப்பாக மட்டும் வாசித்து நாம் மனநிறைவு கொள்ளலாகாது. அவ்வாசிப்பு நம்மை எளிதில் தப்பவிடுகிறது. நம் தெருவின் பொதுக்குழாயில் நீர் வருகிறதா, அது எல்லாத் தெருக்களுக்கும் ஒரேயளவில் வருகிறதா என்று கிராமசபையிலும் நகரமன்றத்திலும் கேட்பதற்கு வெள்ளைச்சாமி ஒருவன் வரத் தேவையில்லை. கேட்காதிருப்போமாயின், கால்வாயை மறித்தவர்களின் வரிசையில் நமக்கும் ஓர் இடம் உண்டு.