இருபதில் எட்டு: கோல்ஃப் ஹேண்டிகேப்பின் கணக்கும் காவலும்

ஒருவர் சராசரியாக எத்தனை அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறார் என்பதைச் சொல்லும் எண்ணே ஹேண்டிகேப் என்ற எண்ணம் கோல்ஃப் ஆடுபவர்களிடம்கூடப் பரவலாக இருந்தாலும், அது உண்மையில் அவர் தம் நல்ல நாளில் எவ்வளவு திறமாக ஆடக்கூடியவர் என்பதை மதிப்பிடும் எண்ணாகும். பிரிட்டனின் கிளப்புகளில் 2020 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் உலக ஹேண்டிகேப் முறையைப் பற்றி எழும் மனத்தாங்கல்களில் கணிசமானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் பிறப்பவை. மற்றவை, கணக்கைவிடக் கடினமான ஒன்றைச் சார்ந்தவை.

ஹேண்டிகேப்பின் நோக்கம் எளியது. பதினெட்டுக் குழிகளை 75 அடிகளில் முடிக்கும் ஒருவரும் 95 அடிகளில் முடிக்கும் ஒருவரும் ஒரே போட்டியில் மோதும்போது, பின்னவருக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அடிகளைக் கழித்துக் கொடுத்து இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதே அது. நம் தெரு விளையாட்டில் சின்னப் பையனை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள், அவன் அடித்தாலும் கணக்கில்லை, அவுட் ஆனாலும் கணக்கில்லை. ஹேண்டிகேப் இதற்கு நேர்மாறானது, ஏனெனில் இங்கே பலவீனமான ஆட்டக்காரர் வெல்லவே செய்யலாம். அப்படி அவர் வெல்லும்போதுதான் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

2020க்கு முன் உலகில் ஆறு பெரிய ஹேண்டிகேப் முறைகள் தனித்தனியே இயங்கின. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா ஆகியவற்றின் முறைகளோடு, 1924இல் உருவாகிக் ‘காங்கு’ எனச் சுருக்கமாக வழங்கும் பிரிட்டன், அயர்லாந்து தேசிய கோல்ஃப் சங்கங்களின் கவுன்சில் நடத்திய முறையும் அவற்றுள் அடங்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் இணைந்து இந்த ஆறையும் ஒன்றாக்கின.

புதிதாக ஹேண்டிகேப் பெற விரும்புபவர் வழக்கமாக ஒரு கிளப்பில் உறுப்பினராகி, மொத்தம் 54 குழிகளுக்கான கார்டுகளைக் கொடுக்க வேண்டும். பதினெட்டுக் குழி ஆட்டங்கள் மூன்றாகவோ, ஒன்பது குழி ஆட்டங்கள் கலந்தோ அவை இருக்கலாம். தனியாக ஆடிவிட்டு எண்ணை எழுதிக் கொடுக்க முடியாது. உடன் ஆடும் ஒருவர் ‘மார்க்கர்’, அதாவது அடிகளைக் குறித்துச் சாட்சி சொல்பவர், ஆக இருந்து கார்டை உறுதிசெய்ய வேண்டும். போட்டியல்லாத சாதாரண ஆட்டமானால், முதல் அடி அடிப்பதற்கு முன்பே இந்த ஆட்டம் கணக்கில் சேரும் என்று பதிவு செய்துவிட வேண்டும் என்பது இங்கிலாந்து வழக்கம். முடிவைப் பார்த்துவிட்டு, பிடித்த கார்டை மட்டும் நீட்டும் சாமர்த்தியத்துக்கு இடம் தராமலிருக்கவே இந்த ஏற்பாடு. புதியவர் ஒரு குழியில் எத்தனை முறை தடுமாறினாலும், ஹேண்டிகேப் கணக்கில் அந்தக் குழியின் ‘பார்’, அதாவது அதற்கென வகுத்த அடி எண்ணிக்கை, அதற்கு மேல் ஐந்து அடிகள் மட்டுமே ஏற்கப்படும்.

இனி அந்தக் கார்டு எண்ணாக மாறும் விதத்தைப் பார்க்கலாம். 91 அடி எடுத்தார் என்பது மட்டும் ஒன்றும் சொல்வதில்லை, ஏனெனில் எளிய மைதானத்தின் 91 வேறு, கடினமான மைதானத்தின் 91 வேறு. ஆகவே ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு அளவுகள் தரப்படுகின்றன. முதலாவதான கோர்ஸ் ரேட்டிங், ‘ஸ்கிராட்ச்’ எனப்படும் பூஜ்ய ஹேண்டிகேப் ஆட்டக்காரர் அங்கு எத்தனை அடிகளில் முடிப்பார் என்ற மதிப்பீடு. இரண்டாவதான ஸ்லோப் ரேட்டிங், ஸ்கிராட்ச் ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 ஹேண்டிகேப் உள்ள ‘போகி’ ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைக் காட்டும். அது 55இலிருந்து 155 வரை அமையும், 113 நடுத்தர அளவு. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த டீன் நூத் வகுத்த இந்த இரண்டாம் அளவே முழு ஏற்பாட்டின் அச்சாணி எனலாம். டீயிலிருந்து, அதாவது ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து, 210 கெஜ தூரத்தில் ஒரு நீர்த்தேக்கம் குறுக்கிட்டால், 250 கெஜம் அடிக்கும் வல்லவருக்கு அது வெறும் காட்சி; 200 கெஜம் அடிப்பவருக்கோ அது ஒவ்வோர் ஆட்டத்திலும் தொடரும் கவலை.

எடுத்துக்காட்டாக, பார் 72, கோர்ஸ் ரேட்டிங் 70.6, ஸ்லோப் 128 என்று அமைந்த ஒரு மைதானத்தில் ஒருவர் 91, 95, 99 என மூன்று கார்டுகள் கொடுப்பதாகக் கொள்வோம். 91இலிருந்து 70.6ஐக் கழித்தால் 20.4, அதை 113ஆல் பெருக்கி 128ஆல் வகுத்தால் 18.0. இதே கணக்கில் மற்ற இரண்டும் 21.5, 25.1 ஆகின்றன. மூன்றே கார்டுகள் இருக்கும்போது, அவற்றுள் சிறந்ததிலிருந்து மேலும் 2.0 குறைக்கப்படுவதால், அவருடைய ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 16.0 என நிற்கும். ஒருமுறைகூட 18.0க்குக் கீழே ஆடாதவருக்கு 16.0 தருவது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். புதியவர்கள் வேகமாக முன்னேறுவார்கள் என்ற அனுபவத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், அவ்வளவே.

இண்டெக்ஸ் என்பது எங்கும் செல்லும் பொது எண். களத்தில் இறங்கும்போது அதை அந்த மைதானத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மேற்சொன்ன மைதானத்தில் 16.0ஐ 128ஆல் பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசமான 1.4ஐக் கழித்தால் ஏறத்தாழ 17 அடிகள் கிடைக்கும். இந்தக் கடைசிக் கழித்தல் பிரிட்டனில் 2024 ஏப்ரலில்தான் சேர்க்கப்பட்டது. இந்த 17 அடிகள், கடினத்தின் வரிசையில் முதல் பதினேழு குழிகளுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிடப்படுகின்றன. வரிசையில் ஐந்தாவதான ஒரு பார் 4 குழியில் அவர் இருமுறை தண்ணீரில் போட்டுப் பத்து அடி எடுத்தால், அடிகளை அப்படியே எண்ணும் போட்டியில் பத்தும் பத்துதான். ஆனால் ஹேண்டிகேப் கணக்கில் பாரின் நான்கு, அனுமதிக்கும் கூடுதல் இரண்டு, அவருக்குரிய ஒன்று என ஏழோடு நின்றுவிடும்.

பெற்ற எண்ணைப் பேணுவதில்தான் சுவாரசியம் தொடங்குகிறது. இருபது கார்டுகள் சேர்ந்தபின், அண்மைய இருபதில் சிறந்த எட்டின் சராசரியே இண்டெக்ஸ். மற்றப் பன்னிரண்டும் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை. எனவே தம் ஹேண்டிகேப் அளவுக்கு ஐந்து ஆட்டங்களில் ஒன்றில் ஆடுபவர்கூட ஒழுங்காகவே ஆடுகிறார் என்றுதான் பொருள். புதிய கார்டு ஒன்று நுழையும்போது மிகப் பழையது வெளியேறும். வெளியேறுவது அந்த எட்டில் ஒன்றாக இருந்தால், அன்று சுமாராக ஆடியவருக்கும் எண் ஏறிவிடும். ‘நன்றாகத்தானே ஆடினேன், ஏன் ஏறியது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

பழைய காங்கு முறையில் ஏற்றம் ஆமை வேகத்தில் நடந்தது. 16 ஹேண்டிகேப் உள்ளவர் ஒரு தகுதிப் போட்டியில் நான்கு அடி குறைவாக ஆடினால் ஓர் அடிக்கு 0.3 வீதம் 1.2 குறைந்துவிடும், அதைத் திரும்பப் பெற, தடவைக்கு 0.1 வீதம் பன்னிரண்டு மோசமான ஆட்டங்கள் வேண்டும். புதிய முறையில் அடுத்தடுத்துச் சில வாரங்கள் கார்டு கொடுத்தாலே எண் நகர்ந்துவிடுகிறது. முதுமையாலோ காயத்தாலோ திறன் குறைந்தவருக்கு இது நியாயம். ஆனால் வேண்டுமென்றே தளர்வாக ஆடி எண்ணை ஏற்றிக்கொண்டு பரிசு நாளில் வந்து நிற்பவருக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. பிரிட்டிஷ் கிளப்புகளில் இத்தகையவருக்குப் ‘பேண்டிட்’, அதாவது கொள்ளைக்காரர், என்று பட்டப்பெயர்.

இதற்கான தடுப்புகள் கணக்கிலேயே உண்டு. கடந்த 365 நாட்களில் ஒருவர் தொட்ட மிகக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3.0க்கு மேல் ஏறும் பகுதி பாதியாகக் குறைக்கப்படும், 5.0க்கு மேல் ஏறவே முடியாது. குறைந்த எண் 12.0 ஆக இருந்து கணக்கு 17.0 காட்டினால் அவருக்குக் கிடைப்பது 16.0. மறுபுறம், தம் இண்டெக்ஸைவிட 7.0 முதல் 9.9 வரை சிறப்பாக ஒருவர் ஆடிவிட்டால் 1.0உம், 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் 2.0உம் கூடுதலாகக் குறைக்கப்படும். ஆயினும் இந்த வேலிகள் எல்லாம் பாய்ச்சலைத் தடுப்பவையேயன்றி, எல்லைக்குள் நின்று மெல்ல நகர்த்துபவரைக் கண்டறிபவை அல்ல. மூன்று எண்கள் வரை யாரும் கேள்வியின்றி ஏறலாம். வார இறுதிப் போட்டியை வெல்ல அது தாராளமாகப் போதும்.

ஆகவேதான் இந்த முறை ஒவ்வொருவருக்கும் ஒரு ‘தாய் கிளப்’பை வலியுறுத்துகிறது, பல கிளப்புகளில் உறுப்பினராக இருந்தாலும் ஒன்றே அவர் எண்ணுக்குப் பொறுப்பேற்கும். கிளப்பில் சேராதவர்களுக்காக இங்கிலாந்தின் தேசிய அமைப்பு 2021இல் ஐகோல்ஃப் என்ற சந்தாத் திட்டத்தைத் தொடங்கியது. எண் கிடைப்பதற்கு அது நல்ல வழிதான். ஆனால் சனிக்கிழமை தோறும் உடன் ஆடி, ஒருவர் இரண்டடித் தூரத்தில் பந்தை அக்கறையின்றித் தட்டித் தவறவிடுவதைப் பார்க்கும் கண்கள் அதில் இல்லை. மார்க்கரின் கையெழுத்து இப்போது கைபேசியில் ஒரு பொத்தானாகிவிட்ட நிலையில், அந்தக் கண்களின் மதிப்பு கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

கிளப்பின் ஹேண்டிகேப் குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிவுகளைப் புரட்டும்போது தேட வேண்டியதும் இதையே: ஒருவருடைய சாதாரண ஆட்டக் கார்டுகளும் போட்டிக் கார்டுகளும் ஒரே ஆளுடையவை போல இருக்கின்றனவா? நண்பர்களோடு ஆடும்போது 95உம் 97உமாகத் தவிப்பவர், பரிசு வைத்த நாளிலெல்லாம் 86இல் முடிக்கிறார் என்றால், அவரை அழைத்து விளக்கம் கேட்டபின் 1.0 அல்லது அதற்கு மேல் குறைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. சக உறுப்பினரிடம், அதுவும் பல ஆண்டு நண்பரிடம், அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கும் குழுக்கள், ‘கணினி போட்ட எண்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கின்றன.