முன்னிருக்கையின் விலை: ஹாசே பினோவில் புடாபெஸ்ட் வரை

நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தை இருவராகத் தொடங்குவதைவிட இருவராக முடிப்பதே கடினம். இருவரின் கால்வலு ஒன்றாக இருப்பதில்லை. வலியவர் மேட்டின் உச்சியில் காத்திருப்பதும், மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த கணமே மீண்டும் புறப்பட வேண்டியிருப்பதும் நாள்தோறும் நிகழ, பேச்சு குறைந்து மனத்தாங்கல் வளர்கிறது. இதற்குப் பழைய மருந்து டேண்டம், அதாவது ஒரே சட்டத்தில் இருவர் அமர்ந்து மிதிக்கும் சைக்கிள். அதைச் செலுத்துபவர் கேப்டன் எனவும், உடன் மிதிப்பவர், நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவரின் பெயரால், ஸ்டோக்கர் எனவும் அழைக்கப்படுகின்றனர். வழக்கமான டேண்டத்தில் பின்னால் அமரும் ஸ்டோக்கர் நாள் முழுவதும் காண்பது கேப்டனின் முதுகையே.

ஜெர்மனியின் வால்ட்ராப் நகரிலுள்ள ஹாசே நிறுவனத்தின் பினோ இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. ஸ்டோக்கர் முன்னால் சாய்விருக்கையில் கால்நீட்டி மிதிக்க, கேப்டன் பின்னால் உயரத்தில் அமர்ந்து, அவர் தலைக்கு மேலாகச் சாலையைப் பார்த்து வண்டியைத் திருப்புகிறார். 20 அங்குல முன்சக்கரம், 26 அங்குலப் பின்சக்கரம், கியர் வகைகள் ஆகியவற்றை விலைப்பட்டியலே சொல்லிவிடும்; மூன்று வாரப் பயன்பாட்டில் மற்ற அனைத்தையும் மறக்கடித்தது முன்னிருக்கை ஒன்றே.

ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை, டான்யூப் நதிக்கரையை ஒட்டிச் செல்லும் யூரோவெலோ 6 என்னும் சைக்கிள் நெடும்பாதையில் இவ்வண்டி சோதிக்கப்பட்டது. டான்யூபின் தொலைவு கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி அளக்கப்படுவதால், பாஸாவில் ஏறத்தாழ 2,225 எனத் தொடங்கும் கிலோமீட்டர் எண் புடாபெஸ்டில் 1,647 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கைகள் ஓய்வாக உள்ள ஸ்டோக்கர் கரைப்பலகைகளில் அந்த எண்களைப் படித்துச் சொல்ல, அவர் தலைக்கு மிக அருகிலிருக்கும் கேப்டன் குரலை உயர்த்தாமலே மறுமொழி கூறுவதால், மீதமுள்ள தொலைவு இருவருக்கும் பொதுவான கணக்காகிறது. மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாகாவ் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கின்றனர். முன்பெடல்களுக்குத் தனி ஃப்ரீவீல், அதாவது பின்னவர் மிதிக்கும்போதும் முன்னவர் காலை நிறுத்திக்கொள்ள உதவும் அமைப்பு, உள்ளது. களைத்தவர் ஓய்வெடுக்கலாம், ஆயினும் அந்த ஓய்வைப் பின்னாலிருப்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார் என்பதால் ஏய்ப்புக்கு மட்டும் இடமில்லை.

இந்த இருக்கைக்கு ஒரு விலை உண்டு. அதை ஸ்டோக்கரே செலுத்துகிறார். எதிர்காற்றும் மழையும் பூச்சிகளும் முதலில் அவர் முகத்தில்தான் படுகின்றன. சிறிய முன்சக்கரம் விழும் பள்ளத்தின் அதிர்வும் அவருக்கே முதலில் தெரிகிறது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாலத்திலிருந்து இறங்கும் சரிவிலும், ஹங்கேரியில் பாதை வாகனச் சாலையோடு கலக்கும் இடங்களிலும், எதிரே வரும் லாரியை நோக்கி நீட்டிய பாதங்களே முந்திச் செல்ல, ஹேண்டில்பாரும் பிரேக்கும் முற்றிலும் பின்னாலிருப்பவர் கையில் இருப்பதுதான் பொறுக்க அரிது. நண்பர்மீது வைத்த நம்பிக்கையை மணிக்குப் பலமுறை சோதிக்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தீர்வாக, ஸ்டோக்கருக்கென ஒரு பிரேக்கையேனும் ஹாசே வழங்கலாம் என்னும் குறை, அந்நிறுவனத்தின்மீது இதை எழுதும் விமர்சகருக்குள்ள பற்றையும் மீறி எஞ்சுகிறது.

கால்வலு ஒத்த இருவருக்குப் பினோ தேவையில்லை. தனித்தனிச் சைக்கிள்களே அவர்களுக்குச் செலவும் சுமையும் குறைந்தவை. வலு ஒவ்வாத இருவர் ஒரே நாளில், ஒரே மனநிலையில் பயணத்தை முடிக்க விரும்பினால் இதைவிடப் பொருத்தமான வண்டியைக் காட்டுவது அரிது. ஆனால் பணம் கட்டும் முன், கேப்டனாக விரும்புபவர் ஒருமுறை முன்னிருக்கையில் அமர்ந்து, ஒரு சரிவில் இறங்கிப் பார்ப்பது நல்லது.