வேற்றுலகக் கதைகளும் விட்டுவந்த உலகமும்

ஜப்பானியர் 'இசேகாய்' என வழங்கும் வேற்றுலகக் கதைகளை இன்று நம் வாலிபரும் கைப்பேசியில் படிக்கின்றனர். 2012இல் இணையத் தொடராகத் தொடங்கிய 'முஷோகு டென்சே' அவ்வகையில் புகழ்பெற்றது. வேலையின்றி அறைக்குள் முடங்கிக்கிடந்த 34 வயதினன் ஒருவன், லாரியில் அடிபட்டு மாண்டு, பழைய நினைவோடு மந்திர உலகமொன்றில் குழந்தையாய்ப் பிறக்கிறான்.

பகலெல்லாம் பட்டாசு ஆலையில் மருந்தோடு உழலும் தாயில்பட்டி வாலிபனுக்கு இக்கதை இனிப்பதில் வியப்பில்லை. வாழ்வை மீண்டும் தொடங்கும் ஏக்கம் இகழத்தக்கதன்று; நிக்கொதேமுவின் இரவுக் கேள்வியும் அதைத் தொட்டதே. கதாநாயகன் தன் வீண்வாழ்வுக்காக வருந்தவும் செய்கிறான். ஆயினும், தன்னை வீட்டைவிட்டுத் துரத்திய உடன்பிறந்தாரோடு ஒப்புரவாகும் வழி அவனுக்கு அடைபட்டுப்போகிறது. மறுபிறப்பு உண்டு, ஒப்புரவு இல்லை. இதுவே இக்கதைகளின் கண்ணி.

இக்குறை நமக்கும் அந்நியமன்று. 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தில், கிறிஸ்தியான் மனைவி மக்களை விட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) தழுவியதும் அந்நூலையே. எனினும் பனியன் 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, விடப்பட்ட மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடத்தினார்.

அந்த இரண்டாம் பாகமே ஆயருக்கு அளவுகோல். நம் ஆண்டவர் உலகைவிட்டுத் தப்பியவரல்லர், உலகுக்குள் வந்தவர். ஆகவே கைப்பேசியைக் கண்டிக்கும் பிரசங்கம் மட்டும் போதாது. அவ்வாலிபனின் கூலியையும் உயிர்ப்பாதுகாப்பையும் மறந்து பரலோகத்தை மட்டும் பேசும் நம் பிரசங்கமும் ஒரு வேற்றுலகக் கதையே.