கம்பளத்தை உதறத் தெரிந்த பிரஷ்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபி டம்ளரைக் கொடுத்த கையோடு நான் எடுத்துவந்து காட்டுகிற பொருள் ஒன்று இருக்கிறது. வாக்யூம் கிளீனர் குழாயின் நுனியில் செருகும் டர்போ பிரஷ். கார்ப்பெட்டுக்கு ஒரு சாணுக்கு மேல் அகலமாகப் பெரியது ஒன்று, சோபாவுக்கும் மெத்தைக்கும் உள்ளங்கை அகலத்தில் சின்னது ஒன்று. இரண்டும் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இருபத்தாறு வருஷமாகக் கொல்கத்தாவின் தூசியோடு குடித்தனம் நடத்துகிறவள் சொல்கிறேன்: இந்த வீட்டுக்கு நாங்கள் வாங்கிப்போட்டவற்றில் இவ்வளவு சந்தோஷத்தை எனக்குக் கொடுத்த பொருள் வேறு கிடையாது.

நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கத்தில் கம்பளம் ஏது? பத்தமடைக் கோரைப்பாய்தான். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஓங்கி ஓர் உதறு உதறினால் மணலெல்லாம் முற்றத்தில் விழுந்துவிடும். மெத்தையை வெயிலில் காயப்போட்டுப் பிரம்பால் நாலு சாத்து சாத்துவார் என் ஆச்சி. தூசி புகையாகக் கிளம்பும். சுத்தம் என்றால் முதலில் உதறு, பிறகு பெருக்கு. இதுதான் என் கையில் ஊறிய பாடம்.

கல்யாணமாகிக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் வந்தேன். முருங்கைக்காய், வாழையிலை, மல்லிகைப்பூ எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைத்ததால் ஊரை விட்டு வந்த வருத்தம் சீக்கிரமே குறைந்தது. ஆனால் மூன்றாவது மாடி வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது? பால்கனியில் நின்று எதையாவது உதறினால் கீழ்வீட்டு மாஷிமா காயப்போட்ட புடவைமேல் போய் விழும். உதற இடமில்லாத அந்த வீட்டின் கூடத்தில்தான் கம்பளம் விரித்திருந்தது. டார்ஜிலிங்கில் 1959-இல் தொடங்கப்பட்ட திபெத்திய அகதிகள் சுயஉதவி மையத்தில், கையால் முடிச்சுப்போட்டு நெய்த கம்பளிக் கம்பளம். மாமா ஆசைப்பட்டு வாங்கிவந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் தினமும் பேப்பர் படிப்பார். அவர் போய் எட்டு வருஷமாகிறது. கம்பளம் அதே இடத்தில் இருக்கிறது.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இழுப்பு உண்டு. வயது 78. குளிர்காலம் வந்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஊரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை அபூர்வம். தூசி காற்றிலேயே தொங்கும். சித்திரையில் கால்பைசாகிப் புயல் அடித்தால் ஜன்னலைச் சாத்துவதற்குள் ஒரு கை மணல் உள்ளே வந்துவிடும். மழைக்காலத்தின் தொல்லை வேறு. ஈரம் குறையாத காற்றில் கம்பளத்துக்குள்ளும் மெத்தைக்குள்ளும் தூசிச் சிற்றுண்ணிகள் பெருகும். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உடம்பால் இழுத்துக்கொள்ளும். கொல்கத்தாவின் ஆடி, ஆவணியை விட அவற்றுக்கு நல்ல காலம் ஏது? பலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்புவது அந்தச் சிற்றுண்ணி கடிப்பதால் அல்ல, அதன் கழிவால்.

கம்பளத்தை எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். அத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்: "அவங்க உட்கார்ந்த இடம் அது. இருக்கட்டும்." அதற்குமேல் நான் என்ன பேச?

வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவித் தருகிற ஆட்களையும் ஒருமுறை கூப்பிட்டோம். அது ஜூலை மாதம். ஐந்து நாளாகியும் கம்பளம் காயவில்லை. ஒரு மூலையில் சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. அத்தை அந்த மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியாது.

வீட்டில் வாக்யூம் கிளீனர் இல்லாமல் இல்லை. நல்ல மெஷின்தான். வாரம் இரண்டு தடவை அதன் தட்டையான முனையால் கம்பளத்தை இழுப்பேன். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், மேலே கையால் தட்டினால் புழுதி கிளம்பும். ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. கம்பளத்தில் இழைகள் புல் மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. முடியும் பஞ்சும் மேலே தங்கும். மணல் கனமானது, நாம் மிதிக்க மிதிக்க அடி முடிச்சு வரை இறங்கிவிடும். மேலிருந்து உறிஞ்சும்போது காற்று எளிதான வழியில்தான் போகும். இழைகளின் தலையைத் தடவிவிட்டுக் குழாய்க்குள் போய்விடும், அடியில் சிக்கிய மணலை அசைக்காது. அந்த மணல் அழுக்கு மட்டுமல்ல, சின்னச் சின்னக் கத்தி. காலடி படும்போதெல்லாம் கம்பளியை வேரில் அறுக்கிறது. அதிகம் நடமாடும் இடத்தில் கம்பளம் வழுக்கையாவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் டர்போ பிரஷ் நுழைகிறது. அதன் வயிற்றில் ஓர் உருளை. உருளையைச் சுற்றித் திருகு வரிசையில் முட்கள். பக்கத்தில் இறக்கைகள் வைத்த சிறு சக்கரம். மெஷின் இழுக்கும் காற்றே அந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் ஒரு பல் பெல்ட் வழியாக உருளையைச் சுழற்றுகிறது. தனி மோட்டார் இல்லை, ஒயர் இல்லை. காற்றுக்கே இரண்டு வேலை! உருளையின் முட்கள் இழைகளை வகிடு எடுத்தமாதிரி பிரித்து, அடியைத் தட்டி, மணலை மேலே எற்றுகின்றன. மேலே வந்த அந்த நொடியிலேயே காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. என் ஆச்சியின் பிரம்பும் உதறலும் ஒரு சாண் டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன, அதுவும் தூசி புகையாகக் கிளம்பாமல்!

அத்தை இதைப் பார்த்துவிட்டு, "துனுரி மாதிரியில்ல இருக்கு!" என்றார்கள். கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். குளிர் தொடங்கும் சமயத்தில் தோளில் பெரிய வில் மாட்டிக்கொண்டு, நாணை டங் டங் என்று மீட்டியபடி தெருவில் வருவார் பஞ்சடிக்கும் துனுரி. லேப் என்கிற பழைய பஞ்சுப் போர்வையையும் தோஷக் என்கிற மெத்தையையும் பிரித்து அந்த நாணால் அடிப்பார். இறுகிக் கட்டியான பஞ்சு பூவாக எழும், தூசி தனியே பறக்கும். அழுக்கை முதலில் பிடிப்பிலிருந்து தளர்த்த வேண்டும், பிறகுதான் அகற்ற முடியும். அத்தை சொன்ன ஒப்புமையை விட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்தப் பிரஷ்ஷின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தபோது மனசு இன்னும் இளகிவிட்டது. 1876-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸெல் தள்ளினால் சுழலும் பிரஷ் கொண்ட பெருக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பிரஷ் இருந்தது, உறிஞ்சுதல் இல்லை. 1901-இல் லண்டனில் எஞ்சினியர் ஹ்யூபர்ட் செசில் பூத் உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்தார். மெத்தை வைத்த நாற்காலிமேல் கைக்குட்டையை விரித்து, வாயாலேயே உறிஞ்சிப் பார்த்து, துணியில் படிந்த கறையைக் கண்டுதான் நம்பினாராம். அடுத்த வருஷம் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அவர் மெஷின் சுத்தம் செய்தது. கொல்கத்தாவைத் தலைநகராக வைத்து இந்தியாவை ஆண்ட பேரரசரின் முடிசூட்டு விழா! ஆனால் பூத்தின் மெஷினில் உறிஞ்சுதல் இருந்தது, சுழலும் பிரஷ் இல்லை.

இரண்டையும் சேர்த்து வைத்தவர் ஒரு துப்புரவுப் பணியாளர். ஒஹாயோ மாநிலம் கான்டன் ஊரில் ஒரு கடையைப் பெருக்கிய ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும்போது கிளம்பும் தூசி தன் மூச்சை அடைக்கிறது என்று புரிந்துகொண்டு, மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை இவற்றை வைத்து, சுழலும் பிரஷ்ஷோடு ஒரு மெஷினைக் கட்டினார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய உறவுக்காரப் பெண்ணின் கணவர் வில்லியம் ஹூவர் அதை வாங்கிப் பெரிய தொழிலாக்கினார். 1926-இல் ஹூவர் நிறுவனம் உருளையில் முட்களுக்கு நடுவே கம்பளத்தைத் தட்டும் பட்டைகளையும் பதித்தது. மூச்சு முட்டிய ஒரு தொழிலாளி தன் உயிருக்காகச் செய்த பொருள் இது. அத்தையின் மூச்சுக்காக அதைத் தேடிப் போனவளுக்கு இந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்கியது சாந்தினி மார்க்கெட்டில். முதல் தடவை வெறுங்கையோடு போய்விட்டேன். "பௌதி, பைப் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார் கடைக்கார தாதா. 32 உண்டு, 35 உண்டு, வேறு அளவும் உண்டு என்றார். மறுநாள் குழாயின் கைப்பிடியையே கழற்றி எடுத்துப்போனேன். அவர் பொறுமையாக நாலைந்து பிரஷ்ஷைச் செருகிப் பார்த்து, காற்று கசியாமல் உட்கார்ந்ததைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை வைத்தேன். முதலில் பழைய தட்டை முனையால் கம்பளம் முழுக்க மூன்று தடவை இழுத்தேன். வந்ததைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 11 கிராம். டப்பாவைக் காலி செய்துவிட்டு, அதே கம்பளத்தில், உடனேயே, டர்போ பிரஷ்ஷை ஓட்டினேன். 64 கிராம்! சாம்பல் நிறத்தில், மாவு போல நைசாக, நடுவில் மினுக்கும் மணலோடு. பாத்திரம் தேய்க்க வந்த மாஷி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "பாபா ரே!" என்று நின்றுவிட்டார். அந்த ஓட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. கம்பளத்தின் நீலம் மேலே வந்தது. பல வருஷமாக அது சாம்பல் கலந்த நீலம் என்றே நினைத்திருந்தோம். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்கள். "வாங்கின அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சின்ன பிரஷ்ஷின் பெருமை தனி. சோபாவின் துணி நெசவுக்குள் போன பிஸ்கட் தூள், தலை சாய்க்கும் இடத்தில் படிந்த எண்ணெய்ப் புழுதி, மெத்தையின் தையல் ஓரம், படிக்கட்டு விரிப்பு, கார் சீட், எல்லாவற்றிலும் உர்ரென்று சந்தோஷமாக ஓடுகிறது. மெத்தையில் ஒரே ஒரு கை அகலத்துக்கு இழுத்து, வந்ததைக் கறுப்புத் துணியில் கொட்டிப் பாருங்கள். அன்றைக்கே வீட்டிலிருக்கும் எல்லா மெத்தையையும் எடுத்துவிடுவீர்கள்.

ஓட்டுகிற முறையும் முக்கியம். அவசரமே கூடாது. ஒரு கை நீளத்துக்கு மெல்லத் தள்ளி, மெல்ல இழுக்க வேண்டும். உருளைக்குத் தட்ட நேரம் வேண்டாமா? அழுத்தவும் கூடாது, அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். சத்தம் மங்கினால் தூசி டப்பா நிறைந்திருக்கிறது அல்லது உருளையில் முடி சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். நீளக் கூந்தல் உள்ள வீட்டில் மாதம் ஒருமுறை உருளையைப் பார்த்து, கத்தரிக்கோலால் முடியை வெட்டி எடுத்துவிடுங்கள். கம்பளத்தின் குஞ்சத்தின்மேல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், உருளை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பட்டு, ஜரிகை, காந்தா தையல் போட்ட விரிப்பு, வளைய நெசவுக் கார்ப்பெட் இவற்றுக்கெல்லாம் பழைய தட்டை முனையே போதும். இழுப்பு உள்ளவர்கள் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும், டப்பாவைக் காலி செய்யும் வேலையும் அவர்களுக்கு வேண்டாம். இழையைக் கவ்விப் பிடித்திருக்கும் உயிருள்ள சிற்றுண்ணி எல்லாம் இதில் வந்துவிடாது. அவை தின்கிற செதிலும் அவற்றின் கழிவும் கலந்த தூசிதான் கொத்துக்கொத்தாக வருகிறது. எங்களுக்கு அதுவே பெரிது.

அத்தைக்கு டாக்டர் கொடுத்த மருந்து அப்படியே தொடர்கிறது. அதில் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். ஆனால் போன குளிர்காலத்தில் ராத்திரி எழுந்து உட்கார்ந்தது இரண்டே நாள். மாமாவின் கம்பளம் கூடத்திலேயே இருக்கிறது. இப்போது பேப்பர் படிப்பது அத்தை.

கம்பளமோ சோபாவோ துணி மெத்தையோ உள்ள வீட்டில், வாக்யூம் கிளீனரும் இருந்தால், இந்த பிரஷ் இல்லாமல் ஒரு பண்டிகையைக்கூடத் தாண்டாதீர்கள். வாங்கப் போகும்போது மட்டும் குழாயின் கைப்பிடியை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.